நியான் டெட்ராவோடு எந்த சிக்லிட் ஒத்துப்போகும்?

கேள்வி: எங்கள் மீன் தொட்டி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். ஏழு மாதமாக ஓடுகிறது. 15 நியான் டெட்ரா, 6 கோரி (தரையில் மேயும் சிறு கெளுத்தி), கொஞ்சம் கப்பி இருக்கின்றன. தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு) 7.2, வெப்பம் 26 டிகிரி. மீன்கள் நலமாகத்தான் இருக்கின்றன. ஆனால் தொட்டியில் நிறம் போதவில்லை என்று எனக்கும் என் மகனுக்கும் தோன்றுகிறது. சிக்லிட் என்ற மீன் குடும்பத்திலிருந்து வாங்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டோம்: யெல்லோ லேப், பீகாக், ஜெர்மன் ப்ளூ ரேம், எலெக்ட்ரிக் ப்ளூ அகாரா, ஏஞ்சல், கிரிபென்சிஸ், ஒரு சின்ன ஃப்ளவர்ஹார்ன். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு போதும் என்று எண்ணம். "குட்டியிலிருந்தே சேர்ந்து வளர்ந்தால் சண்டை வராது" என்கிறார் கடைக்காரர். அவசரப்பட்டு இரண்டு யெல்லோ லேப் குட்டிகளை வாங்கித் தொட்டியில் விட்டும்விட்டோம். மீதியில் எவற்றை வாங்கலாம்? எத்தனை வாங்கலாம்?

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பிறகு. உங்கள் பட்டியலில் உள்ள ஏழும் அழகான மீன்கள்தான். ஆனால் அந்த ஏழும் ஒரே தொட்டியில் ஓராண்டு தாங்காது. இப்போதுள்ள நியான்களையும் கோரிகளையும் வைத்துக்கொள்ள விரும்பினால், உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு மீனைத்தான் சொல்வேன்: அப்பிஸ்டோகிராமா காக்கட்டூவாய்டிஸ், சுருக்கமாக அப்பிஸ்டோ. ஓர் ஆண், இரண்டு பெண். அது கிடைக்காவிட்டால் பொலிவியன் ரேம் ஒரு ஜோடி. இந்த இரண்டில் ஒன்று போதும், வேறு சிக்லிட் வேண்டாம்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. மூன்று செ.மீ. குட்டிகளாக இருக்கும்போது பெரும்பாலான சிக்லிட்கள் ஒன்றாகத்தான் மேயும். சில மாதங்கள் அமைதியாகவே போகும். பருவத்துக்கு வந்ததும் கதை மாறும். நியான் டெட்ரா முட்டையைத் தூவிவிட்டுத் தன் போக்கில் போய்விடும். அதற்குக் காக்க எதுவும் இல்லை. சிக்லிட் அப்படி அல்ல. இடத்தைத் தேர்ந்தெடுக்கும், அதைச் சுத்தம் செய்யும், முட்டையிட்டு அதைத் துடுப்பால் விசிறிவிடும், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்க்கும். மலாவி ஏரியின் சிக்லிட்களில் தாய்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக்கொண்டு மூன்று வாரம் வரை ஏறக்குறைய பட்டினி கிடக்கும். இவ்வளவு பாடுபட்டுப் பிள்ளை வளர்க்கிற மீன், பக்கத்தில் வருகிற எதையும் எதிரியாகத்தான் பார்க்கும். சிக்லிட்டின் சண்டைக் குணம் அந்தப் பாசத்திலிருந்து வருவது. குட்டியில் சேர்ந்து வளர்ந்த பழக்கம் அதற்கு முன்னால் நிற்காது. ஆற்றிலோ ஏரியிலோ தோற்ற மீன் நீந்தித் தப்பித்துவிடும். 90 செ.மீ. கண்ணாடிப் பெட்டியில் தப்பிக்க இடமில்லை, அதனால்தான் சாவு நேர்கிறது.

எனவே சிக்லிட் வாங்கும்போது "இது முட்டையிட்டால் என் தொட்டியில் என்ன நடக்கும்?" என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். நிறம், விலை, கிடைக்கும் அளவு எல்லாம் அதற்குப் பின்னால்.

உங்கள் பட்டியலுக்கு வருவோம். ஃப்ளவர்ஹார்னை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அது இயற்கையில் இருக்கும் இனமே இல்லை. மத்திய அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து 1990-களில் மலேசியாவில் உருவாக்கப்பட்ட கலப்பு மீன். ஒரு அடி வரை வளரும். தனித் தொட்டியில் தனியாக வாழ வேண்டிய மீன் அது. இன்று கட்டைவிரல் அளவில் தெரியும் குட்டி, உங்கள் நியான்களை ஒவ்வொன்றாகத் தின்று முடிக்க வெகுகாலம் ஆகாது.

பீகாக்கும் யெல்லோ லேப்பும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்தவை. அந்த ஏரியின் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, பி.எச். எட்டை ஒட்டி இருக்கும். நியான், ரேம், அப்பிஸ்டோ எல்லாம் தென் அமெரிக்காவின் தாது உப்பு குறைந்த மென்மையான நீரில் பிறந்தவை. 7.2 நடுவில் இருப்பதால் இரண்டு பக்கமும் உயிரோடு இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கும்தான். பண்ணையில் பிறந்த மீன்கள் இந்த அளவு வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும். உண்மையான சிக்கல் தண்ணீரை விடச் சாப்பாட்டிலும் வேகத்திலும் இருக்கிறது. பாறைகளிடையே வாழும் மலாவி மீன்கள் முரட்டுத்தனமாகப் பாய்ந்து சாப்பிடும். அப்பிஸ்டோவும் ரேமும் தரையில் மெதுவாகப் பொறுக்கித் தின்னும். ஒரே வேளையில் தீனி போட்டால் இவற்றுக்கு மிச்சம் இருக்காது. போதும் போதும் என்னும் அளவுக்கு அதிகம் போட்டால் தண்ணீர் கெடும். இன்னொன்று: யெல்லோ லேப்போடு வழக்கமாகச் சேர்த்து விற்கப்படும் மற்ற பாறை மீன்கள் பல, பாசியைச் சுரண்டித் தின்று வாழ்பவை. அவற்றுக்கு இறைச்சிப் புரதம் மிகுந்த தீனி ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பி இறந்துபோகும். தென் அமெரிக்கச் சிறு வகை சிக்லிட்டுக்கோ சின்னச் சின்ன அசைவத் தீனிதான் உயிர். ஒரு தொட்டிக்குள் இரண்டு சமையல் நடக்காது.

பீகாக்கில் இன்னொரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்களுக்கு மட்டும்தான் நிறம், அதுவும் வளர்ந்த பிறகுதான். பெண்கள் சாம்பல் நிறமாகவே இருக்கும். நான்கு செ.மீ. குட்டி ஒன்று முழு நீலத்தில் மின்னினால், ஹார்மோன் கலந்த தீனி கொடுக்கப்பட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அந்த நிறம் வீட்டுக்கு வந்தபின் மங்கிவிடும். ஊசியால் சாயம் ஏற்றிய மீன்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். அவற்றை வாங்காதீர்கள், அது மீனுக்குச் செய்யும் கொடுமை.

ஏஞ்சல் விஷயத்தில் உங்களுக்கு வருத்தம் வரலாம். அமைதியான மீன் என்று பெயர் எடுத்தது அது. ஆனால் வாய்க்குள் நுழைகிற அளவில் எது இருந்தாலும் ஏஞ்சலுக்கு அது தீனிதான். குட்டி ஏஞ்சல் நியானோடு விளையாடுவது போலத் தெரியும். வளர்ந்தபின், பெரும்பாலும் இரவில், நியான்களின் எண்ணிக்கை குறையத் தொடங்கும். சிறு டெட்ராக்களைத் தின்பது ஏஞ்சலுக்கு இயல்பு. அதோடு துடுப்பையும் சேர்த்து 20 செ.மீ.க்கு மேல் உயரம் போகிற மீன் அது. மணலும் மேல் விளிம்பும் போக உங்கள் தொட்டியில் நீரின் உயரம் 40 செ.மீ.கூடத் தேறாது. எலெக்ட்ரிக் ப்ளூ அகாரா குணத்தில் நல்ல மீன். இருந்தாலும் 15 செ.மீ. வளரும், நியான் அதற்கும் வாய்க்கடக்கம்தான்.

கிரிபென்சிஸ் மேற்கு ஆப்பிரிக்காவின் ஆற்றுமீன், உங்கள் தண்ணீர் அதற்குப் பொருந்தும். பெண் மீனின் வயிறு செர்ரிச் சிவப்பில் ஒளிரும். எனக்கு மிகவும் பிடித்த மீன். கோரிகள் மட்டும் இல்லாவிட்டால் உங்களுக்கு இதையே சொல்லியிருப்பேன். கோரிகளுக்கு எல்லை என்றால் என்னவென்றே தெரியாது. இரவில் தரையை மோப்பம் பிடித்துக்கொண்டு நேராக கிரிபென்சிஸின் குகைக்குள் போய்விடும். அடிபட்டாலும் விலகாமல் மறுபடி வரும். முட்டை காக்கும் கிரிபென்சிஸ் ஜோடி, கோரியின் கண்ணையும் மீசையையும் கொத்திவிடும். நீர் அமிலமாக இருந்தால் இந்த மீனின் குஞ்சுகளில் ஆண்கள் அதிகம் பிறக்கும் என்பது தனி அதிசயம். என்றாவது தனித் தொட்டியில் வளர்த்தால் பார்த்து மகிழுங்கள்.

ஜெர்மன் ப்ளூ ரேம் மிச்சம். வெனிசுலா, கொலம்பியாவின் ஒரினோகோ சமவெளியில் வெதுவெதுப்பான நீரில் வாழ்வது. 28 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால்தான் அது திடமாக இருக்கும். நியானும் சாதாரணக் கோரியும் அந்தச் சூட்டில் நாளடைவில் தளர்ந்துபோகும். 26-இல் வைத்தால் ரேம் எளிதில் நோயில் விழக்கூடும். மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட் ஏறினாலும் அதற்குத் தாங்காது. இந்த மீன் பிடிவாதமாக வேண்டும் என்றால் நியானுக்குப் பதில் ரம்மி நோஸ் டெட்ராவும், கோரியில் சூட்டைத் தாங்கும் ஸ்டெர்பாய் வகையும் வைத்து, தொட்டியையே அதற்காக மாற்ற வேண்டும். உருண்டை வயிற்றோடு வரும் பலூன் ரேம் மட்டும் வேண்டாம். வளைந்த முதுகெலும்பு உள்ள மீனை அழகென்று வாங்குவதற்கு என் மனம் ஒப்புவதில்லை.

அப்பிஸ்டோகிராமா காக்கட்டூவாய்டிஸை ஏன் சொல்கிறேன் என்றால், அது மேற்கு அமேசானிலிருந்து வந்த மீன். நியானுக்கு ஏற்ற அதே வெப்பம் அதற்கும் சரி. அப்பிஸ்டோக்களில் சற்றுக் கடினமான (தாது உப்பு கூடிய) நீரையும் பொறுத்துக்கொள்கிற இனம் இது, 7.2 பி.எச். அதற்குப் பிரச்சினையே இல்லை. ஆண் எட்டு செ.மீ. அளவு, பெண் ஐந்து செ.மீ. அளவு. பண்ணையில் தேர்ந்தெடுத்து வளர்த்த வகைகளில் ஆணின் வாலும் முதுகுத் துடுப்பும் ஆரஞ்சுச் சிவப்பில் கரும்புள்ளிகளோடு தீக்கொழுந்து போல இருக்கும். துடுப்பை விரித்து நிற்கும்போது உங்கள் மகன் கண்ணாடியை விட்டு நகர மாட்டான்.

பெண் மீன் கடையில் மங்கலாக இருக்கும், ஏமாந்துபோகாதீர்கள். முட்டையிடும் காலம் வந்தால் உடல் முழுக்கப் பளீரென்ற மஞ்சளாக மாறி, அதில் கருங்கோடுகள் எழுந்து நிற்கும். யெல்லோ லேப்பிடம் நீங்கள் தேடிய மஞ்சள் உங்களுக்கு அங்கே கிடைக்கும். குகையின் மேற்கூரையில் முட்டைகளை ஒட்டிவிட்டு, வாசலில் தாய் தனியாகக் காவல் நிற்பாள். ஆண் வெளி எல்லையைச் சுற்றிவருவான். ஐந்து செ.மீ. பெண், தன்னைவிடப் பெரிய ஆணையே விரட்டியடிக்கும்போது பலர் பயந்து, ஏதோ நோய் என்று நினைத்து மீனைப் பிடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஆணுக்கு ஒதுங்க மறுகோடியில் இடம் இருந்தால் போதும், அந்தக் கோபம் அதோடு நிற்கும். சில வாரங்கள் குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்துக்கொண்டு போவாள். ஆபத்து என்று தாய் சைகை காட்டியதும் குஞ்சுகள் அத்தனையும் தரையோடு ஒட்டி அசையாமல் கிடக்கும். இதைப் பார்க்கத்தான் சிக்லிட் வளர்க்க வேண்டும் என்பேன். நிறம் அதற்குப் பிறகுதான். கோரிகளை இந்தச் சிறிய தாயும் விரட்டுவாள். ஆனால் அவளுடைய வட்டம் சிறியது, வாயும் சிறியது. கோரிகளுக்கு மறுபக்கத்தில் திறந்த மணல்வெளி இருந்தால் பெரிய சேதம் வராது.

இரண்டு ஆண்களை மட்டும் விடாதீர்கள். 90 செ.மீ. தொட்டியில் ஒருவன்தான் மிஞ்சுவான்.

பொலிவியன் ரேமில் நிறம் கொஞ்சம் அடக்கம். வைக்கோல் நிற உடல், உடலின் நடுப்பக்கத்தில் கறுப்புப் பொட்டு, துடுப்பின் ஓரங்களில் சிவப்பு. ஆனால் ஜெர்மன் ரேமைவிட எவ்வளவோ உறுதியான மீன், 25, 26 டிகிரியில் சுகமாக இருக்கும். ஆண், பெண் பார்த்துச் சொல்வது கடினம். ஐந்தாறு குட்டிகளாக வாங்கி, தாமாக ஜோடி சேர்ந்தபின் மற்றவற்றைத் திருப்பிக் கொடுப்பதுதான் நம்பகமான வழி. அப்படித் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எந்த மீனாக இருந்தாலும் வாங்கும் முன் அது தீனி எடுப்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வயிறு ஒட்டியிருந்தாலோ, வெள்ளை நூல் போல மலம் தொங்கினாலோ வேண்டாம். குடலில் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். வாங்கிய மீனை ஸ்பான்ஜ் ஃபில்டர் வைத்த ஒரு சிறு தொட்டியில் மூன்று, நான்கு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு சேருங்கள். ஏழு மாதம் நோயில்லாமல் காத்த தொட்டியை ஒரே நாளில் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அதற்கு முன் தொட்டிக்குள் சில வேலைகள் உண்டு. சிக்லிட்டுக்குத் தரைதான் சொத்து. எத்தனை லிட்டர் என்பதைவிடத் தரையின் நீள அகலம் முக்கியம். உங்கள் தொட்டிக்கு 180 லிட்டர் கொள்ளளவு, மணலும் மரமும் போக 150 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அந்தத் தரையை இரண்டு மூன்று அறைகளாகப் பிரியுங்கள். ஒரு கோடியில் நிற்கும் மீன் மறுகோடியில் நிற்கும் மீனைப் பார்க்க முடியாதபடி மரக்கட்டையோ அடர்ந்த செடியோ குறுக்கே வரட்டும். பார்வை மறைந்தால் பாதிச் சண்டை குறையும். கூழாங்கற்கள் இருந்தால் எடுத்துவிட்டு மெல்லிய மணல் போடுங்கள். அப்பிஸ்டோ மணலை வாயில் அள்ளிச் சலித்துச் செவுள் வழியாக விடும், கோரியின் மீசைக்கும் அதுதான் நல்லது. பெண்ணுக்கு ஒரு குகை வீதம் கணக்கிட்டு, ஒன்று கூடுதலாக வையுங்கள். தேங்காய்ச் சிரட்டையோ சிறு மண்தொட்டியோ கவிழ்த்து, ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாசல் வைத்தால் போதும். வாசல்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டாம்.

நிறம் போதவில்லை என்றீர்களே, அதற்குத் தரையின் நிறமும் ஒரு காரணமாக இருக்கலாம். வெள்ளைத் தரையும் கண்ணைக் கூசும் விளக்கும் இருந்தால் எந்த மீனும் வெளிறிப்போகும். கருமையான மணல், பின்கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், மேலே கொஞ்சம் மிதக்கும் செடி. இதை மட்டும் செய்துவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நியான்களின் நீலமும் சிவப்பும் வேறு மீன்போலத் தெரியும். நியான்களின் எண்ணிக்கையை 25 வரை உயர்த்தினால் இன்னும் நல்லது. மேலே கூட்டமாகச் சிறு மீன்கள் பயமில்லாமல் நீந்துவதைப் பார்த்தால்தான் கூச்சமுள்ள சிக்லிட் வெளியே வரும். கப்பிகள் இருக்கட்டும், அவற்றின் குட்டிகள் அப்பிஸ்டோவுக்கு இரையாகும் என்பதை மட்டும் மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சிக்லிட்டைக் கடைசியாகத்தான் விட வேண்டும். முதலில் வந்த மீன் தொட்டி முழுவதையும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். விடும் அன்று கட்டை, குகைகளைக் கொஞ்சம் இடம் மாற்றுங்கள், மற்ற மீன்களுக்குத் தீனி போட்டுவிடுங்கள், விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். முதல் ஒரு மாதம், கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்கிறதா என்று டெஸ்ட் கிட்டில் வாரா வாரம் பாருங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்ட விடாதீர்கள். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் இது கைக்குள் இருக்கும். தீனிக்குச் சிறு பெல்லட், ஆர்டிமியா, டாஃப்னியா போன்ற நுண்ணிய நீருயிரிகள். ரத்தப் புழு எப்போதாவது.

ஒரு மீன் மேல் மூலையிலோ ஃபில்டர் குழாய்க்குப் பின்னாலோ துடுப்பை மடக்கிக்கொண்டு நின்றால், அது துரத்தப்படுகிறது என்று பொருள். துடுப்பு கிழிந்திருந்தால் அன்றே பிரித்துவிடுங்கள். "பழகிவிடும்" என்று காத்திருந்து காப்பாற்றிய மீன் அபூர்வம்.

கடைசியாக, அந்த இரண்டு யெல்லோ லேப் குட்டிகள். இப்போதைக்கு அவற்றால் ஆபத்து இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஐந்து செ.மீ. தாண்டும் முன் அவற்றுக்கு ஒரு வழி செய்யுங்கள், அதற்குப் பிறகுதான் அப்பிஸ்டோவை உள்ளே விட வேண்டும். கடைக்காரர் எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடலாம். மகனுக்கு அவற்றின்மேல் பிரியம் வந்துவிட்டது என்றால், இதே அளவில் இன்னொரு தொட்டி வைத்து, சுண்ணாம்புக் கற்களை அடுக்கி, யெல்லோ லேப் மட்டுமே ஆறு முதல் எட்டு வரை வளருங்கள். இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் ஆணாக அமைந்தால் ஒன்று மற்றதை விடாது. ஆணும் பெண்ணுமாக அமைந்தால் அந்த ஒரே பெண்ணை ஆண் ஓயாமல் துரத்தும். கூட்டமாக இருந்தால் அந்தத் தொல்லை பலர்மேல் பகிர்ந்து போகும். இந்த இனத்தில் ஆண், பெண் இரண்டுமே மஞ்சள்தான், அதனால் எந்தக் குட்டியை எடுத்தாலும் நிறத்தில் நஷ்டம் இல்லை.